அப்பா நம்பிய பிள்ளை

போன மாதம் என் மகள் மூன்று தோழிகளோடு ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். அவள் போனை எடுக்காத மாலைகளில் நான் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எண்பதுகளில் ஒக்லாந்தில் படித்தபோது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டில் ஆறு மாணவிகள் சேர்ந்து இருந்தோம். தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். ஆளுக்கொரு நாள் சமையல். என் முறை வந்தால் பருப்புச் சட்டியை யார் வழிப்பது என்று சண்டை நடக்கும். தினமும் மாலை ஏழு மணிக்கு, நகரின் புறத்தே கிளென் ஈடனில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அப்பா அழைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோழிகளோடு பீஹா கடலுக்குப் போனேன். அந்தக் கடல் ஆட்களை இழுத்துக்கொண்டு போகும் என்று அப்பாவுக்குப் பயம், கேட்டால் விடமாட்டார். அதனால் கேட்கவில்லை. அன்று பார்த்து அவர் காலையிலேயே அழைத்துவிட்டார். போனை எடுத்தவள் பண்ணையில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, நான் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

அந்த நாளில் எங்கள் ஆட்களுக்கு அங்கே கோயிலே கிடையாது. யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில்தான் பூசை. அதுவும் அப்பாவுக்குத் தெரியாமல் நடக்காது.

நான் திரும்பியபோது அப்பா நேரிலேயே வந்து எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்திருந்தார். போனில் பொய் சொன்னவள் அவருக்கு மூன்றாவது கோப்பைத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா என் ஈரத்தலையைப் பார்த்தார்.

"எந்தக் கோயில் பிள்ளை? தீர்த்தமும் ஆடிப்போட்டோ வாறாய்?"

நான் ஈரத்துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"உடுப்புகளை அடுக்கு. இனி வீட்டிலயிருந்து பஸ்ஸில போய்ப் படிக்கலாம்."

சூட்கேஸைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. வாசலை மறித்து நின்றாள். கழுத்துவரை சிவந்திருந்தாள். "பொய் சொன்னது நான். அவள் சொல்லச் சொல்லவில்லை. கோயில் என்றால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றாள் ஆங்கிலத்தில்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லவே தெரியேல்ல. சூட்கேஸை உள்ள கொண்டுபோய் வை. இனி உன்னைப் பற்றி நான் இவவிட்டத்தான் கேப்பன்."

மறுநாள் ஏழு மணிக்கு அப்பா என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, அவளைத்தான் கேட்டார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் கீரையைச் சாப்பிடவில்லை" என்று ஒப்புவித்தாள். அதற்குப் பிறகு பேச்சு அவளுடைய பண்ணை மாடுகளுக்குப் போய்விட்டது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து, என்னோடு பேச அப்பாவுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.