காவலுக்கு நின்றவர்

“…தங்கத்தைக் கிடங்குக்குள்ளை இறக்கின பிறகு கொள்ளைக்காரத் தலைவன் கேப்பானாம், இதுக்கு ஆர் காவல் நிக்கிறதெண்டு. ‘நான் நிக்கிறன்’ எண்டு சொன்னவனை அந்த இடத்திலேயே வெட்டி, தங்கத்துக்கு மேலை தாட்டுப்போட்டுப் போவாங்களாம்.”

சொன்னவள் நோரா, அயர்லாந்துக்காரி. அவளுடைய ஜெர்மனை யாழ்ப்பாணத் தமிழாக்கியவன் நான். இப்போது பாடன் நகரில், வாடகைத் தோட்டத்தில் கிழங்கு கிண்டும்போது ஈரமண் மணந்தால், எனக்கு முதலில் கேட்பது அந்தப் பேச்சுத்தான்.

ஊரில் போர் முடிந்த அடுத்த கோடை. எங்கடின் என்ற மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினி. பின்வாசலில் வாளியைச் சுற்றியிருந்து நோரா, நான், பாத்திரம் கழுவும் சிவம் அண்ணை மூன்று பேரும் கிழங்கு தோலுரிப்போம். கண்ட கண்ட ஊரின் சொலவடைகளைப் பொறுக்குவது எனக்கு ஒரு வியாதி. போர்த்துக்கல்காரச் சமையற்காரன் திட்டினாலும் அர்த்தம் கேட்டுப் பாடமாக்குவேன். நோராவிடம் அதற்கு நிறையச் சரக்கு இருந்தது. அவர்கள் நாட்டுப்புறத்தில் புதையல் மூன்று இரவு தொடர்ந்து கனவில் வரவேண்டுமாம். தோண்டும்போது வாய் திறந்தால் தங்கம் இன்னும் கீழே இறங்கிவிடுமாம். அப்படியென்றால் உனக்கு ஒருநாளும் கிடைக்காது என்று என்னைப் பார்த்துச் சொல்வாள்.

அன்று அந்தக் காவல்காரன் கதை எனக்கு வெகுவாகப் பிடித்துவிட்டது. கத்தியைத் தூக்கி வெட்டுவதுபோல் நடித்தும் காட்டினேன்.

“விசரனைப் பாருங்கோ அண்ணை, தானாப் போய்ச் சொல்லியிருக்கிறான்.”

சிவம் அண்ணை சிரிக்கவில்லை.

“எங்கடை அப்புவும் அப்பிடித்தான் சொன்னவர்.”

தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்கி வர யாழ்ப்பாணமே எழும்பிப்போன அந்த நாளில், வீட்டு நகைகளைப் பால்மாத் தகர ரின்னில் போட்டுத் தேசிமரத்தடியில் புதைத்தார்களாம். நான் இதோடு நிற்கிறேன், நீங்கள் பிள்ளைகளோடு போங்கள் என்றாராம் அப்பு, அவருடைய தகப்பன். மாதங்கள் கழித்துத் திரும்பினால் வீட்டுக்குக் கூரை இல்லை. அப்புவும் இல்லை.

“ரின் இருந்ததோ அண்ணை?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

“இருந்தது தம்பி. நாங்களும் முதல் அதைத்தான் பாத்தனாங்கள். மரத்தடியைக் கிண்டி முடிச்சுத்தான் அப்புவைத் தேடினனாங்கள்.”

அவர் கிழங்கைச் சீவிக்கொண்டேயிருந்தார். தோல் முடிந்து சதையும் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அப்பு கடைசிவரை கிடைக்கவில்லையாம்.

என்னவாம் என்று நோரா கேட்டாள். சற்றுமுன் நடித்துச் சிரித்த வாயாலேயே இதையும் சொல்லவேண்டியிருந்தது. ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன்.

அந்த ஹோட்டல் இன்று இல்லை. இடித்துவிட்டு விடுமுறை வீடுகள் கட்டிவிட்டார்கள். பின்வாசல் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சிவம் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். நோரா எங்கே இருக்கிறாளோ, தெரியாது.

அன்று நான் சொல்லி முடித்ததும் அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். ஏப்ரனோடு ஹோட்டலுக்குக் கீழே இருந்த ஆற்றங்கரைக்கு இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிவந்து படியோரம் வைத்தாள். தனியே செத்த ஒருவருக்காக, அந்த வழியால் போகிறவர்கள் கல் வைப்பது தங்கள் ஊர் வழக்கம் என்றாள். பிறகு மறுபடி இறங்கிப்போய் இன்னொரு கல் கொண்டுவந்து, சிவம் அண்ணையின் கையில் கொடுத்தாள்.