நாவலில் வந்த வெண்கலப் பானை

என் நாவல் வெளிவந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். கையில் அந்தப் புத்தகம். விளாங்குடியிலிருந்து வருவதாகச் சொன்னார். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் சிநேகிதியின் அண்ணன் என்றார்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில் நடக்கும் கதை அது. குதிர் நிறைய வரகு வைத்திருக்கும் ஒருவர், கைக்குழந்தையோடு வந்து நிற்கும் சொந்தத் தங்கையிடம் வெண்கலப் பானையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு படி தானியம்கூடத் தராமல் அனுப்பிவிடுவார். தன் குடும்பத்தில் நடந்ததாகச் சிநேகிதி என்னிடம் எப்போதோ சொன்னது. எழுதலாமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

வந்தவர் உட்கார மறுத்துவிட்டார்.

"அந்தப் பானை இன்னமும் எங்க வீட்டுல இருக்கு டீச்சர். எங்க ஆளுகளத் தவிர யாருக்கும் தெரியாது. ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாக் கற்பனை பண்ணினது."

"எந்தங்கச்சி சொன்னாளா?"

"இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சிநேகிதி என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது பீரியடு முடிந்து வராந்தாவில் மறித்தேன்.

"நான் உன்னைக் காட்டிக் கொடுக்கலடி" என்றேன்.

"நாந்தான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சனிக்கிழமையே ஒத்துக்கிட்டேன். நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் வந்துச்சு." அவள் கண் சிவந்திருந்தது. "எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சாயங்காலமே விளாங்குடிக்குப் பஸ் ஏறினேன். அவள் அண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம்.

"நேத்து நான் சொன்னது பொய்ண்ணே. ஒங்க தங்கச்சிதான் சொன்னா. அவளக் கேக்காம எழுதினது என் தப்பு."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கைப்பிள்ள பொழச்சுச்சா இல்லையான்னு எங்களுக்கே தெரியாது. நீங்க செத்துப்போச்சுன்னு எழுதிட்டீக" என்றார். "மத்ததெல்லாம் நடந்ததுதான். அத மட்டும் அடுத்த பதிப்புல மாத்திருங்க."

மாற்றிவிடுவதாகச் சொன்னேன். உள்ளே வரச் சொல்வார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.