பஸ்காரர் பக்கிரிசாமி பூங்காவுக்குள் போன கதை

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி பஸ் ஓட்டுகிறவர். கிள்ளானில் அவரைவிடப் பெரிய பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கலாம். அவரைப் போல ஓட்டுகிறவர் இல்லை. யாராவது உண்டென்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வார நாட்களில் மேரு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போவார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நானும் கையுறைக் கம்பெனிக்குப் போய் வந்தேன். கல்யாணம் நடந்ததே அந்தப் பஸ்ஸால்தான். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் ரொம்போங்கான் என்கிற சுற்றுலாச் சவாரி. பள்ளிப் பிள்ளைகள், கோவில் கமிட்டிக் குடும்பங்கள் என்று கூட்டம் கூட்டமாக ஏற்றிக்கொண்டு விளையாட்டுப் பூங்காக்களுக்குப் போவார். மலைமேல் ஒன்று இருந்தது. பெட்டாலிங் ஜெயாவுக்கு அந்தப் பக்கம் ஈயம் தோண்டி விட்ட பழைய குட்டையில் தண்ணீர்ப் பூங்கா ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். இரண்டுக்கும் இவர்தான் அடிக்கடி ஓட்டினார். மலைப் பாதையில் எத்தனையோ வண்டிகள் புகைந்து நிற்கும்போது இவர் பஸ் நிற்காமல் ஏறும். பின்னால் தூங்குகிற குழந்தை தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

சவாரி முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, கோப்பியோடு உட்காருவார். மகள் ரமணிக்கு அப்போது எட்டு வயது, மகன் வாசுவுக்கு ஐந்து. இரண்டும் அவர்மேல் ஏறிக்கொள்ளும்.

"சறுக்குல பாதி வழிக்கு ஒரே இருட்டு. வயிறு அப்படியே நெஞ்சுக்கு வந்துடும். என்னடா இது, வெளிய போவோமா மாட்டோமான்னு நெனைக்கும்போது பளிச்சுனு வெளிச்சம். அப்புறம் தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள!" என்று சொல்லி நாற்காலியிலிருந்து விழுந்தே காட்டுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். ரமணி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்கப்பா எல்லாத்துலயும் ஏறியிருக்காரு," என்பாள்.

ஏறியிருந்தால்தானே! எந்தப் பூங்காவுக்குள்ளும் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆட்களை வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு, டிரைவர்களுக்குப் போட்டிருக்கும் கொட்டகையில் படுத்துவிடுவார். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பஸ் முழுக்க அதே பேச்சாக இருக்கும். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் தான் ஏறியதாகச் சொல்வார். ரமணி குட்டியாக இருந்தபோது, "நீங்களும் ஏறுனீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் வாய்க்கு வந்தபடி, "ஆமாலா," என்றிருக்கிறார். பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு அந்த ஆமாமைத் திருப்பி வாங்க இவருக்கு மனசு வரவில்லை. எனக்கு எல்லாம் தெரியும். நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டுக் கடைசியில், ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியதற்காகக் கம்பெனி முதலாளி தவுக்கே அவரை எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கை கொடுத்தார். தண்ணீர்ப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போக டிக்கெட்டும், ஒரு நாளைக்குக் கம்பெனி வேனும் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தாமானில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். இவர் மட்டும் அடுப்படியில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"மாரி, நீயும் புள்ளைங்களும் போயிட்டு வாங்களேன். எனக்கு அங்க என்ன புதுசு?"

"பாத்தவரு மாதிரியே பேசுறீங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "உள்ள போனா தெரிஞ்சிடும்லா. வழிகூட எனக்குத் தெரியாது. அப்பன் பொய்க்காரன்னு என் புள்ளை நெனைச்சிட்டா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் நம்புவாளா?" என்றார்.

மலைப் பாதையில் பிரேக் கருகி மணக்கும்போதுகூடப் பயப்படாத மனிதர், எட்டு வயதுப் பெண்ணுக்குப் பயந்து நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "நீங்க வரலைன்னா நாங்களும் போகல," என்று சொல்லிவிட்டுக் கரண்டியைப் போட்டேன். மறுநாள் அவரே போய் வேனுக்கு நாள் கேட்டு வந்தார்.

போகிற அன்று புளிச்சாதம் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் வழியெல்லாம் பாட்டு. பூங்கா வாசலில் வேனை நிறுத்தினார். இறங்கி வந்து கதவைத் திறந்தார். எங்களை ஒவ்வொருவராக இறக்கி, டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். பிறகு கையைத் தட்டி, "அஞ்சு மணிக்கு எல்லாரும் இதே எடத்துல நிக்கணும். லேட்டா வந்தா வண்டி போயிடும். சாமான் எதையும் விட்டுட்டு வராதீங்க," என்றார். கதவைச் சாத்தினார். போய்விட்டார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். வேனை நிறுத்திவிட்டு வருவார் என்று நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்விட்டார்கள். வெயில் ஏறியது. "அப்பா எங்க? அப்பா எங்க?" என்று வாசு என் கையை இழுத்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. பயந்துகொண்டு ஓடிவிட்டாரா இந்த மனிதர்? பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, பஸ் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தேன்.

கொட்டகையில் டிரைவர்கள் கட்டம் போட்டு, போத்தல் மூடிகளைக் காய்களாக வைத்துத் தாம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில், கைலி கட்டிக்கொண்டு, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் துள்ளி எழுந்தார். எங்களைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார். "ஐயோ மாரி, மறந்தே போச்சுலா! ஆள எறக்குனேன், கால் தானா இங்க வந்துடுச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. பயமும் இல்லை, ஓட்டமும் இல்லை. பழக்கம். இத்தனை வருஷமாக வாசலில் ஆள் இறக்கின பழக்கம், சொந்தப் பெண்டாட்டி பிள்ளைகளையும் சவாரி ஆட்களாக்கிவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். ஷா ஆலாம் பஸ் ஓட்டுகிற நாகையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அட, பக்கிரி உள்ள போறானா! இத்தனை வருஷத்துல அந்த கேட்டைத் தாண்டாத ஆளாச்சே! நாங்க எவனுமே தாண்டுனதில்லமா," என்று சிரித்தார். அவர் நல்ல மனிதர்தான். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை எப்படித் தெரியும்?

ரமணி சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நீங்க ஏறவே இல்லையாப்பா?"

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். "இல்லம்மா. பஸ்ல ஏறுனவங்க பேசுனதைத்தான் வந்து சொன்னேன். அப்பா சொன்னது பொய்."

ரமணி என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் உடை மாற்றிக்கொண்டு, வாசுவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அந்த கேட்டை அவர் முதன்முதலாகத் தாண்டியபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட வேண்டியவள்! எனக்கு அழுகைதான் வந்தது.

உள்ளே வாசுவுக்கு எந்தக் கவலையும் இல்லை. அலைக் குளத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கத்தினான். இவர் பனியனோடு நின்றார். ஜன்னல் பக்கத்து வலது கை மட்டும் கன்னங்கரேல் என்று, இடது கை அதற்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தில். ரமணி ஒதுங்கிக் கரையிலேயே காலை நனைத்துக்கொண்டிருந்தாள். புளிச்சாதத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள் என்பதால், அவளைச் சாப்பாட்டைக் காட்டிச் சமாதானப்படுத்தவும் வழியில்லை.

கடைசியில் அவளே எழுந்து வந்தாள். உயரமான சறுக்கைக் காட்டி, "அதுல போகணும்," என்றாள். முகத்தை அவர் பக்கம் திருப்பாமல், "பெரியவங்க கூட வரணுமாம்," என்றாள்.

மேலே நடந்ததை அவர் பிறகு சொன்னார். இந்த முறை நம்பலாம், ரமணியும் சாட்சி. உச்சிக்குப் போனதும் ரமணி இருட்டுக் குழாயைப் பார்த்துவிட்டு, "எறங்கிடலாம்பா," என்றிருக்கிறாள். அவருக்கும் அதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை. ஆனாலும் இப்படிச் சொல்லியிருக்கிறார்:

"அப்பாவுக்கும் பயமாத்தான் இருக்கு. இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா இதுல போயிட்டு வந்தவங்க மூஞ்சி எனக்குத் தெரியும். ஒவ்வொரு சவாரிலயும் பஸ் கண்ணாடில பாக்குறேன். அழுதுக்கிட்டு ஏறுன புள்ளைங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டுத்தான் திரும்புச்சுங்க. அது பொய்யில்ல."

பிறகு மிதவையில் அவர் முன்னால் ஏறி உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டாளாம்.

கீழே நின்ற எனக்கு முதலில் சத்தம்தான் வந்தது. "முருகா! முருகா!" பூங்காவே திரும்பிப் பார்த்தது. குழாயிலிருந்து மிதவை பறந்து வந்து கவிழ்ந்தது. இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டு எழுந்தார். ரமணி சிரித்துக்கொண்டே அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பிறகு எத்தனை முறை ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் முருகன் வந்து போனார்.

சாயங்காலம் வேனை எடுக்கப் போனோம். டிரைவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். நாகையா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன பக்கிரி, முருகனை ஏலம் போட்டியா? இங்க வரைக்கும் கேட்டுச்சுலா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் அசடு வழிய ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தார்.

அதற்குள் ரமணி முன்னால் வந்து நின்றாள். ஈரத் தலை, வெயிலில் கறுத்த மூக்கு.

"அது வேற யாரோ அங்கிள்," என்றாள். "எங்கப்பா கண்ணையே மூடல. எனக்குத்தான் பயமா இருந்துச்சு. அப்பாதான் என்னைப் புடிச்சுக்கிட்டாரு."

நாகையா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்படியாம்மா?" என்றார். இவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பெண்ணின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல நின்றார்.

பொய் சொல்கிற பிள்ளையின் வாயில் மிளகாய் வைப்பேன் என்று மிரட்டுகிறவள் நான். அன்று என் மகளைத் தூக்கி, அத்தனை டிரைவர்களும் பார்க்க, முத்தம் கொடுத்தேன்.