பழமும் இல்லை, மருந்தும் இல்லை

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை டொக்டராகிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஊருக்குப் பொதுச் சொத்து. தக்சாயினி கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது இரத்தப் பரிசோதனை முடிவைக் கைபேசியில் நீட்டுவார்கள். கல்யாண வீட்டில் சோறு பரிமாறுகிறவர் கரண்டியும் கையுமாகவே நின்று முழங்காலைக் காட்டுவார். எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்லுவாள்.

"தேடிப் பாத்திட்டுச் சொல்லுறன்."

சனத்துக்கு அந்தப் பதில் பிடிக்காது. இவ்வளவு காலம் படித்த பிள்ளை இன்னும் தேட வேண்டியிருக்கிறதென்றால் அது என்ன படிப்பு என்று ஒரு மாமி முகத்துக்கு நேரே கேட்டே விட்டார். தக்சாயினி சிரித்தாள். தேடாமல் சொல்லுகிற டொக்டர்தான் ஆபத்தானவர் என்பதை அந்த மாமிக்கு விளங்கவைக்க ஒரு கல்யாண வீடு போதாது.

அவள் தேடுவது நாங்கள் கைபேசியில் தட்டிப் பார்க்கிற தேடல் அல்ல. உலகத்தின் மூலை முடுக்குகளில் இருக்கிற டொக்டர்மார் தாங்கள் கண்ட நோயையும் கொடுத்த வைத்தியத்தையும் வந்த முடிவையும் கட்டுரைகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கும் அந்தக் கட்டுரைகளுக்குள் இறங்குவதென்றால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். நோயாளி யார், அவருக்கு என்ன வந்தது, என்ன செய்யலாம், செய்தால் என்ன ஆகும் என்று கேள்வியைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் சொல் கண்டுபிடித்துத் தேட வேண்டும். வந்து விழுகிறவற்றில் தலைப்பைப் பார்த்தே முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம். மிஞ்சுவதைப் படித்து, கட்டுரையில் இருக்கிற ஆளும் தன் கட்டிலில் படுத்திருக்கிற ஆளும் ஒரே மாதிரிதானா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவில் சிக்கலாக ஒன்று வந்தால் பெரிய டொக்டர் யூலியாவே, "தக்சாயினி, இதைக் கொஞ்சம் தேடு" என்பார்.

அவளிடம் இல்லாமல் போனது வேறொன்று. அந்தப் பிரிவுக்கு வந்த புதிதில் நோயாளி ஒருவர் இறந்தால் கழிப்பறைக்குள் போய் அழுவாள். பிறகு ஒரு கட்டத்தில் அது நின்றுவிட்டது. நின்றுவிட்டதை அவள் கவனித்தாள், அதற்காகவும் ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள், தாய் போட்டு வைத்த புட்டைச் சாப்பிடுவாள், படுப்பாள். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்கள் நடந்துகொண்டிருந்தன.

கதிர்காமநாதன் அங்கே வந்து சேர்ந்தது அப்படியொரு நாளில்தான். பாண் சுடுகிற ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். நீரிழிவு சிறுநீரகத்தைத் தின்றுவிட்டதால் கிழமைக்கு மூன்று தரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வருவார். அவர்கள் பேச்சில் அது டயாலிசிஸ். அன்றைக்கு அவர் வந்தது நிற்காத விக்கலோடு. முதல் நாள் மாலை தொடங்கியதாம். தண்ணீர் குடித்தும் மூச்சை அடக்கியும் பார்த்தாயிற்று.

"ஊரில ஆரோ என்னை நினைக்கினம் பிள்ளை," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே தோள் குலுங்க. "நல்லாத்தான் நினைக்கினம். விட மாட்டினமாம்."

பக்கத்தில் நின்ற மனைவி கமலநாயகி அவர் நெஞ்சைத் தடவியபடி, "பகிடி விடாமல் பிள்ளை கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ," என்றார்.

தக்சாயினி தமிழிலேயே கேட்டாள். இங்கே எழுதித் தருகிற மருந்தைத் தவிர வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். வெளியில் வாங்கிய குளிசை, மாத்திரை? அதுவும் இல்லை. பழம் சாப்பிடுகிறீர்களா? சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பல பழங்கள் ஆகாது.

"பழமோ?" கதிர்காமநாதனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "வேண்டாம் எண்டு நீங்கள் சொன்ன நாளில இருந்து ஒரு வாழைப்பழம் தொட்டிருப்பனோ? இவவைக் கேளுங்கோ."

கமலநாயகி ஓம் என்று தலையாட்டினார். சொல்வழி கேட்கிற நோயாளி என்று அந்தப் பிரிவிலேயே பேரெடுத்தவர் அவர். தக்சாயினி எழுதிக்கொண்டு போய்க் கணினியில் உட்கார்ந்தாள்.

விக்கலையும் டயாலிசிஸையும் சேர்த்துத் தேடினாள். வயிறு காரணமாக இருக்கலாம் என்றது ஒரு கட்டுரை, மூளையைப் படமெடுத்துப் பார் என்றது இன்னொன்று, சில மருந்துகளைச் சந்தேகி என்றது வேறொன்று. அவற்றின் நடுவே, சிறுநீரகம் பழுதானவர்கள் நட்சத்திரப் பழம் சாப்பிட்டதால் வந்த விக்கல் என்று ஒரு தலைப்பும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னுடைய ஆள் பழமே தொடுவதில்லை என்று தள்ளிவிட்டாள். விதிப்படி பார்த்தால் அவள் செய்தது சரிதான். கட்டுரையிலுள்ள ஆளும் கட்டிலிலுள்ள ஆளும் ஒன்றல்ல. மூளையைப் படமெடுக்கச் சொன்னாள், அதில் ஒன்றும் இல்லை. விக்கலுக்கு மருந்து கொடுத்தாள், கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. வழக்கமான டயாலிசிஸ் அடுத்த நாள் மதியத்துக்குத்தான். அதுவரை பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த நாள் காலை கதிர்காமநாதன் தாதியைப் பார்த்துப் பாண் வெந்துவிட்டதா என்று ஜெர்மனில் கேட்டார். கட்டிலை விட்டிறங்கி வேலைக்குப் போக நின்றார். தக்சாயினியைப் பார்த்து, நீ ஆர் என்றார். விக்கல் மறுபடி பிடித்திருந்தது.

அவள் திரும்பிப் போய்த் தேடலில் ஒரு சொல்லைக் கூட்டினாள். விக்கல், டயாலிசிஸ், மனக் குழப்பம். இந்தத் தரம் நட்சத்திரப் பழம் மேலே வந்து நின்றது. ஒன்றல்ல, பல கட்டுரைகள். பிரேசிலிலிருந்து ஒன்று, தாய்வானிலிருந்து ஒன்று. முழுக் கட்டுரையைத் திறந்து படித்தாள். சுகமான சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிற ஒரு நச்சு, பழுதான சிறுநீரகத்தில் வெளியேறாமல் மூளைக்குப் போகிறது. முதலில் விக்கல், பிறகு குழப்பம், பிறகு வலிப்பு. விக்கலோடு இருக்கும்போதே தாமதிக்காமல் டயாலிசிஸ் செய்தால் அநேகர் பிழைத்தார்கள். குழப்பமும் வலிப்பும் வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. யாரோ எங்கோ எழுதிய அந்தப் பக்கத்தில் அவளுடைய நோயாளியின் நேற்றும் இன்றும் அச்சாகிக் கிடந்தன.

கைபேசியில் நட்சத்திரப் பழத்தின் படத்தை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள்.

"அன்ரி, இது வீட்டில இருக்கோ?"

கமலநாயகி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓம். தமிழ்க் கடையில வாறது. சீனி வருத்தத்துக்கு நல்லதாமெண்டு வீடியோவில காட்டினவை. விடிய வெறும் வயித்தில சாறு பிழிஞ்சு குடுக்கிறனான்."

"எவ்வளவு நாளா?"

"போன கிழமை துவக்கம். முந்தநாள் காய் பெரிசா இருந்தது, கூடத்தான் வந்தது."

"நேற்றுக் கேட்டனான் எல்லோ அன்ரி, பழம் சாப்பிடுறவரோ எண்டு?"

"இது பழமில்லையே பிள்ளை. பச்சைக் காய், புளி. ஆரும் ஆசைக்குத் தின்னுறதோ? கைமருந்தெல்லே."

"மருந்து எடுக்கிறவரோ எண்டும் கேட்டன்."

"அது குளிசையைத்தானே கேட்டனீர்?"

தக்சாயினியின் தாய் தினமும் காலையில் வெந்தயத் தண்ணீர் குடிக்கிறவர். நாளைக்கே அவரை ஒரு டொக்டர் கேட்டால், மருந்து ஒன்றும் எடுப்பதில்லை என்றுதான் சொல்லுவார், சத்தியமும் பண்ணுவார். மருந்து என்றால் பெட்டியில் வருவது, பழம் என்றால் ஆசைக்குத் தின்பது. இரண்டிலும் சேராத கைமருந்து எங்கள் வீடுகளில் எந்நேரமும் இருக்கிறது. ஒரு ஜெர்மன் டொக்டருக்கு இது தெரியாமல் போனால் மன்னிக்கலாம். தக்சாயினிக்குத் தெரியாததா? தெரியும். வைத்தியசாலைக்குள் வந்ததும் அவள் வைத்தியசாலை கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள், தமிழில்.

ஏன் கேட்டாள் என்று விளங்கப்படுத்த நிற்காமல் அவள் யூலியாவிடம் ஓடினாள். யூலியா நின்றபடியே கட்டுரையைப் படித்தார். "உடனே இயந்திரத்தில் போடு. நீண்ட நேரம்," என்றார். போட்டார்கள். இயந்திரத்தில் இருக்கும்போதே கதிர்காமநாதனுக்கு வலிப்பு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் அங்கேயும் சுத்திகரித்தார்கள். வலிப்பு நின்று நின்று வந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

தக்சாயினி படிவத்தை நிரப்பினாள், பஸ்ஸில் ஏறினாள், புட்டைச் சாப்பிட்டாள்.

"எதனால் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும்," என்றார் யூலியா. "நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?"

"நான் சொல்கிறேன். எங்கள் மொழியில் சொல்ல வேண்டிய விஷயம்."

ஆனால் சொல்லவில்லை. வைத்தியசாலையில் கமலநாயகி அவள் கைகள் இரண்டையும் பிடித்து, "நீ கடைசி மட்டும் நிண்டு பாத்தாய் பிள்ளை," என்று முகத்தில் ஒற்றிக்கொண்டார். அப்போது வாய் வரவில்லை. செத்தவீட்டு மண்டபத்தில் அவ்வளவு சனத்துக்கு நடுவில் சொல்லவும் ஏலாது. யூலியா ஒருதரம் கேட்டார், சொல்லப்போகிறேன் என்றாள். இன்னொருதரம் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். சொல்லி என்ன, போனவர் வரப்போகிறாரா? கட்டியவனுக்குத் தன் கையால் நஞ்சு பிழிந்து கொடுத்தேன் என்று அந்த மனுசி மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பார்? கேள்விகள் நியாயமானவைதான். அவற்றுக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருந்தது: அதைச் சொன்னால், முதல் நாளே கண்ணில் பட்டதைத் தள்ளியதையும் சொல்ல வேண்டும்.

இதையும் அவள் தேடிப் பார்த்தாள், நம்புங்கள். துயரச் செய்தியை எப்படிச் சொல்வது என்று கட்டுரைகள் நிறையவே இருக்கின்றன. உட்கார்ந்து சொல், கைபேசியை அணைத்து வை, அவர்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று முதலில் கேள். எல்லாம் நல்ல புத்திமதி. விடிய எழும்பிச் சாறு பிழிந்த கமலநாயகி ஒரு கட்டுரையிலும் இல்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனாள். சொல்வதென்று முடிவெடுத்துப் போகவில்லை. போகாமல் இருக்க ஏலாமல் போனாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கமலநாயகி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, யார் யார் வந்து போனார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"முந்தநாள் சரளா வந்திட்டுப் போனவ. பாவம், அவவின்ர மனிசனுக்கும் இப்ப டயாலிசிஸ் துவங்கியாச்சு. அந்தக் காய் ஃப்ரிட்ஜில மிச்சம் கிடந்தது. எங்களுக்குத்தான் விதியில்லை, அவையாவது குடிக்கட்டுமெண்டு எல்லாத்தையும் பையில போட்டுக் குடுத்துவிட்டனான்."

தக்சாயினி கோப்பையை வைத்தாள். உட்கார்ந்துதான் இருந்தாள். கைபேசியை அணைக்கவில்லை. என்ன தெரியும் என்று கேட்கவுமில்லை.

"அன்ரி, அந்தக் காய்தான். அதில இருக்கிற நஞ்சை டயாலிசிஸ் ஆக்களின்ர உடம்பு வெளியில விடாது. அங்கிளுக்கு விக்கல் வந்தது அதாலதான். செத்ததும் அதாலதான்."

கமலநாயகியும் கோப்பையை வைத்தார்.

"முதல் நாளே நான் அதைப்பற்றி ஒரு கட்டுரையைப் பாத்தனான். அங்கிள் பழம் சாப்பிடுறேல்லை எண்டதால தள்ளிப்போட்டன். அண்டைக்கே அதைத் திறந்து, அண்டைக்கே உங்களைக் கேட்டிருந்தால் பிழைச்சிருப்பார். அநேகமாப் பிழைச்சிருப்பார்."

தன் குரல் நோயாளியின் அறிக்கையை வாசிப்பதுபோல இருப்பது அவளுக்கே கேட்டது. அதை மாற்ற அவளுக்குத் தெரியவில்லை.

கமலநாயகி சொன்னார்:

"அவர் உனக்குப் பொய் சொல்லேல்லை பிள்ளை."

"ஓம் அன்ரி. தெரியும்."

"நீங்கள் சொன்னது ஒண்டையும் அவர் மீறேல்லை."

"ஓம்."

கமலநாயகி எழுந்தார். மேசையில் கிடந்த கைபேசியை எடுத்து, கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்து எண்ணைத் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் சரளா எடுத்தது தக்சாயினிக்கும் கேட்டது. அக்கா, எப்படி இருக்கிறியள் என்ற குரல்.

"சரளா, அந்தக் காய் இன்னும் குடுக்கேல்லைத்தானே?"

நாளைக்கு விடியத்தான் தொடங்க இருக்கிறோம் என்றார் சரளா.

"குடுக்காதை. எல்லாத்தையும் கொண்டுபோய்க் குப்பையில போடு. இப்ப போடு."

ஏன் அக்கா, பழுதாய்ப் போச்சோ?

"இல்லை. இவர் அதிலதான் போனவர்."

ஐயோ, அதை ஆர் அவருக்குக் குடுத்தது?

"நான்தான்," என்றார் கமலநாயகி.