எதுக்கு அக்கா

வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்கும் ஜெல் பாட்டிலை எடுத்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, படுத்திருக்கும் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அக்கா கேட்கிறாள்: "எதுக்கு?"

படுத்திருப்பவள் விழிக்கிறாள். "ஸ்கேனுக்குக்கா."

"அது தெரியுது. முடி வெட்டிக்கவா இங்க வந்து படுத்திருக்கே? எதுக்கு ஸ்கேன்? டாக்டர் என்ன பாக்கச் சொன்னாங்க?"

பனிக்குடத் தண்ணீர் போதுமா என்று பார்க்கச் சொன்னார், நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் என்று ஏதாவது ஒரு பதில் வந்தால்தான் அவள் கை நகரும். "சும்மா ஒரு தடவை பாத்துக்கலாம்னு" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் தொலைந்தது. பாட்டில் கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். "சும்மா பாக்க இதென்ன பொருட்காட்சியா? எந்திரி. கேள்வியோட வா, பதில் சொல்றேன். கேள்வியே இல்லாதவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

இப்படித்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'எதுக்கு அக்கா' என்று பெயர் வந்தது. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். டாக்டர்களே "எதுக்கு அக்கா ரூமுக்குப் போங்க" என்றுதான் ஆளை அனுப்புகிறார்கள். நான் அந்த அறை வாசலில் மேஜை போட்டு டோக்கன் கூப்பிடுகிறவள். கதவு சரியாகச் சாத்தாது. ஆகவே அவள் போடும் சத்தத்தில் முதல் பங்கு எனக்குத்தான்.

ஆள் குள்ளம். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். வருடக்கணக்காக வயிறுகளின்மேல் ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்த தோள் அது. இப்போது அந்தக் கையால் தலைக்கு மேலே இருக்கிற எதையும் எடுக்க முடியாது. தலை வாருவதுகூட இடது கையால்தான், வகிடு கோணிக்கொண்டு போகும். மெஷின் சூடாகக் கூடாதென்று அறையைக் குளிரவைத்திருப்பதால் கணவனின் பழைய ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டிருப்பாள். அதன் வலது கைப்பகுதி மட்டும் ஜெல் காய்ந்து காய்ந்து கஞ்சி போட்டதுபோல் விறைத்து நிற்கும். துவைத்தால் என்ன என்று கேட்டதற்கு, "உனக்கென்ன, நீயா போட்டுக்கறே?" என்றாள்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. பேச வாயைத் திறந்தால் வயிற்றிலிருந்து கருவியை எடுத்துவிடுவாள். படத்தைத் திரையில் நிறுத்திவைத்துக்கொண்டுதான் அளப்பாள், விளக்குவாள். திரும்பப் பார்க்க வேண்டும் என்றால்தான் மறுபடி வைப்பாள். ஏன் இப்படி எடுத்து எடுத்து வைக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "பேசுறது நான். அதுக்குப் பிள்ளை மேல எதுக்கு வேலை இல்லாம சத்தத்தை விட்டுக்கிட்டே இருக்கணும்? இது எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லடி. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். இத்தனை வருசமா யாரும் இதனால கெடுதல்னு நிரூபிக்கல. அதுக்காக அள்ளிக் குடின்னும் யாரும் சொல்லல. வேணும்னா பத்து தடவை எடுப்பேன், கை வலிக்க எடுப்பேன். வேணாம்னா ஒண்ணுகூடக் கிடையாது."

இந்த இரண்டு வாக்கியத்துக்காக அவள் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறாள். மருமகளைக் கூட்டிக்கொண்டு வரும் மாமியார்கள் சிலருக்கு ஸ்கேன் என்றாலே பிள்ளையை அடுப்பில் வைக்கிற மாதிரி. போன வருடம் ஒரு அம்மாள், "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்று கட்டிலுக்குக் குறுக்கே நின்றார். "அளவுக்குக் குறைஞ்சா மருந்தும் வெறும் தண்ணிதாம்மா. கொஞ்சம் நகருங்க" என்று அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த மருமகளுக்கு நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. தெரியாமல் வலி வந்திருந்தால் தாயும் மிஞ்சியிருக்க மாட்டாள். மாமியார் போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபக்கம் மேனேஜர். வருகிற ஆளையெல்லாம் திருப்பி அனுப்பினால் ஆஸ்பத்திரி எப்படி நடக்கும் என்று மாதத்துக்கு ஒரு முறை வந்து கேட்பார். "நடக்கலன்னா ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளுங்க சார்" என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஆனால் அவளுடைய முழுக் கோபமும் இவர்கள் யார்மேலும் இல்லை. அது பெரிய மாலின் இரண்டாவது மாடியில், செருப்புக் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில் இருக்கிற ஒரு கடைமேல். அங்கே பிள்ளையின் முகம் காட்டுகிறார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம். சோபா உண்டு, மெல்லிசை உண்டு, சுவர் அகலத்துக்கு டிவி உண்டு. குடும்பத்தோடு சாய்ந்துகொண்டு வயிற்றிலிருக்கும் பிள்ளை கொட்டாவி விடுவதைப் பார்த்துக் கை தட்டலாம். இரண்டு தடவை வந்தால் மூன்றாவது தடவைக்குத் தள்ளுபடி. கண்ணாடிக் கதவின் அடியில், எறும்பு ஊர்கிற எழுத்தில், 'இது மருத்துவப் பரிசோதனை அல்ல' என்று ஒட்டியிருக்கிறார்கள். குனிந்துதான் படிக்க வேண்டும். அந்த வயிற்றோடு யார் குனிவது? இதை எழுதும் இன்றைக்கும் அந்தக் கடை திறந்திருக்கிறது, வாசலில் வரிசையும் நிற்கிறது.

செருப்பு வாங்கப் போன அக்கா இதைத் திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, செருப்பு வாங்காமலே திரும்பி வந்தாள். மறுநாள் காலை என் மேஜையைக் கையால் குத்தினாள். "பிள்ளை திரும்பிப் படுத்திருக்காம். முகம் தெரியலையாம். அதுக்காக ஒரு பாட்டு ஓடி முடியிற வரைக்கும் வயித்துல வச்ச கையை எடுக்கலடி அங்க மெஷின் பிடிக்கிற பொண்ணு! குலுக்குறா, அழுத்துறா, திருப்பி வைக்கிறா. அவளைச் சொல்லி என்ன, சின்னப் பொண்ணு, யாரோ பட்டனைக் காட்டிக் குடுத்திருக்கான். தலை எது, நீர்க்கட்டி எதுன்னு அவளுக்குத் தெரியுமா? எல்லாத்துக்கும் 'சூப்பரா இருக்கு'ன்றா."

இனி ஒரு கேக்குக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேக்கரியில் கேக்குக்கு மேலே பூப்போடுகிறவள். கணவன் பஸ் டிரைவர். முதல் பிள்ளை. ஐந்தாம் மாதம் எங்களிடம் வந்தபோது, 'எதுக்கு?' என்றதும் "உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கச் சொன்னாங்கக்கா" என்று பளிச்சென்று பதில் சொன்னாள். எல்லாம் சரியாகவே இருந்தது. "இது தேறும்" என்று அக்கா அவளுக்குச் சான்றிதழே கொடுத்தாள். அவள் வாயிலிருந்து அதெல்லாம் லேசில் வராது.

ஏழாம் மாதத்தில் டாக்டர் அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாதத்துக்குத் தகுந்த வளர்ச்சி இல்லையோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எழுதினார். சொன்ன நாளில் அவர்கள் வரவில்லை. நான் போன் போட்டேன். டிரைவர்தான் எடுத்தான். குரலில் நல்ல மரியாதை. "வேணாங்க மேடம். ஏற்கெனவே ரொம்ப எடுத்துட்டோம். நிறைய எடுத்தா பிள்ளை மூளைக்கு ஆகாதுன்னு போன்ல வந்திருக்கு. மால்ல வேற லீவு கிடைக்கிறப்பல்லாம் பாத்துட்டோம். போன வாரம்கூடப் பாத்தோமே, நல்லா இருக்கு. சிரிச்சுது."

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கினாள். அவன் வைத்துவிட்டிருந்தான். திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. டாக்டரைக் கொண்டும் பேசவைத்தாள். அவரிடம், யோசித்து வருகிறோம் என்றானாம். அன்றைக்கு வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்க அவள் கத்தியது எனக்கு இன்னும் மனப்பாடம். "சிரிச்சுதாம்! சிரிச்சா வளந்துருச்சுன்னு அர்த்தமா? வயித்தைச் சுத்தி அளந்தாங்களா? தொடை எலும்பை அளந்தாங்களா? கொடியில ரத்தம் ஒழுங்கா ஓடுதான்னு பாத்தாங்களா? கல்யாண போட்டோவைப் பாத்து மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருக்கான்னு சொல்லுவியாடா?"

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் செய்ததும் பிள்ளைமேல் உள்ள ஆசையால்தான். ஆசையில் கடைக்குப் போனான். எவனோ ஒருவன் போனில் கிளப்பிவிட்ட புரளியைப் படித்துப் பயந்தான். பயந்தவன், சோபாவில் சாய்ந்து பார்த்ததையும் கட்டிலில் படுத்துப் பார்த்ததையும் ஒரே கணக்கில் கூட்டினான். கணக்கு நிரம்பிவிட்டது என்று, வேண்டிய ஒன்றை விட்டான். அந்தப் புரளியை எழுதினவனும், தள்ளுபடி போட்டவனும் இப்படி ஒரு பிள்ளை உண்டு என்றுகூடத் தெரியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சில வாரம் கழித்து அவர்கள் வந்தது ஒரு மத்தியான நேரம். அவன் பஸ் ஓட்டும் உடுப்போடே இருந்தான். கையில் ஒரு பொம்மை முயல். உள்ளே போகும்போது அவள்தான் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"எதுக்கு?" என்று அக்காவின் குரல் கேட்டது, வழக்கம்போல.

"அசைவு இல்லக்கா. நேத்து சாயங்காலத்துல இருந்து."

வெளியே அவன் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் முயலின் வயிற்றை அழுத்தினான். தப்தப்தப் என்று வேகமாக ஒரு சத்தம் வந்தது. அந்தக் கடைக்காரர்கள் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்து பொம்மைக்குள் வைத்துக் கொடுக்கிறார்களாம். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணி சிரித்துக்கொண்டே, "உங்க பிள்ளையோடதா அண்ணா?" என்றாள். அவன் தலையை ஆட்டினான். மறுபடி அழுத்தினான். வெளியே துடிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே அக்கா அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "டாக்டரைக் கூப்பிடு" என்றாள் என்னிடம். அவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்றே எனக்குத் தெரியாது. டாக்டர் வந்தார், அவனையும் உள்ளே அழைத்துக்கொண்டார். பிள்ளை இல்லை என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் அழுத சத்தத்தில் வரிசை முழுக்க எழுந்து நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே அக்கா வந்தாள். அவன் டாக்டரிடம் கேட்காததை அவளிடம் கேட்டான். "ஸ்கேன் நிறைய எடுத்ததாலதானா மேடம்? நான்தான் அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போனேன். அதனாலதானா?"

"இல்லப்பா. ஸ்கேனால இல்ல."

"பின்ன?"

"பிள்ளை வளரல. கொடி சரியா ஊட்டல."

அவன் அதை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு நிமிர்ந்தான். "அப்ப… அன்னிக்கு வந்திருந்தா?"

யாருக்கும் எதையும் மறைத்துப் பழகாத வாய். பதில் தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன். அவள் அவன் கையிலிருந்த முயலைக் காதைப் பிடித்து இழுத்து வாங்கிக்கொண்டாள். என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பைக்கூடையின் மிதியை ஓங்கி மிதித்தாள். மூடி சுவரில் மோதித் திறந்தது. மாலில் இருக்கும் அந்தக் கடையையே பிடுங்கி உள்ளே திணிக்கப்போகிறவள்போல முயலைக் கூடைக்குமேல் பிடித்தாள். பிடித்த பிடியில் அதன் வயிறு அமுங்கியது.

தப்தப்தப் என்று அது துடிக்க ஆரம்பித்தது. நல்ல வேகம், நல்ல சீர். அக்கா அசையாமல் நின்றாள். பதிவு தானாக ஓடி நிற்கிறவரைக்கும் அவள் கால் மிதியிலேயே இருந்தது.

பிறகு காலை எடுத்தாள். கூடை மூடிக்கொண்டது. முயலின் காதில் ஒட்டியிருந்த ஜெல்லைக் கட்டைவிரலால் வழித்துத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளின் கையைப் பிரித்து, அதற்குள் முயலை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டாள்.