ஆரணியில் மெல்லப் பேசும் ஓர் எல்.கே.ஜி. வகுப்பு

என் அக்கா மகனுக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. வேலூரில் ஒரு தனியார் பள்ளி அவனை ஒரு தாளில் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'இன்னும் தயாராகவில்லை' என்று திருப்பி அனுப்பியது. எதற்குத் தயாராகவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான், எழுதவே வைக்காத ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆரணிப் பக்கம் இருக்கிறது என்று நண்பன் சொன்னதும் கிளம்பினேன். ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை. தலைமை ஆசிரியரிடம் இரண்டு நாள் முன்பே போனில் அனுமதி வாங்கியிருந்தேன்.

வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.40க்குப் பேருந்து. கண்ணமங்கலம் வழியாக நாற்பது கிலோமீட்டர், கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். 8.05க்கு ஆரணி. ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய்.

"இன்னா சார், பொடவ எடுக்க வந்தீங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

"அங்கயா? புள்ளைங்கள சும்மா வெளையாட வுட்டுகினு இருக்காங்க சார். அதுக்கு வூட்லயே வுட்டுடலாம்."

பள்ளியைச் சுற்றி வீட்டுக்கு வீடு விசைத்தறி. தெருவில் நடந்தால் காது அடைக்கிறது. எல்.கே.ஜி. அறைக்குள் இருபத்தொரு குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, தறிக்கு நூல் சுற்றும் காலி பாபின்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வி டீச்சர் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகவே பேசினார்.

"தறி வூட்டுப் புள்ளைங்க சார். தண்ணி கேக்குறதுகூட கத்தித்தான் கேக்கும். நானும் கத்துனா இன்னும் கத்தும். அதான் மொதல்ல காதுக்குப் பாடம். எழுத்து அப்புறம்."

பாடம் இதுதான். ஒவ்வொரு குழந்தை முன்னாலும் ஒரு டம்ளர், பருப்பு போட்ட குட்டி பாட்டில், ஒரு காகிதம். டீச்சர் பீரோவுக்குப் பின்னால் மறைந்துகொண்டு ஏதாவது ஒன்றில் சத்தம் எழுப்புவார். குழந்தைகள் அதே பொருளைத் தூக்கிக் காட்ட வேண்டும். 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்று எனக்குமே தோன்றியது, மறைக்க விரும்பவில்லை.

ரித்திகா என்ற சிறுமி ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கத்துப் பையனின் கையைப் பார்த்த பிறகே தூக்கினாள். டீச்சர் அவளை மற்றவர்கள் கண்ணில் படாதபடி முன்னால் உட்காரவைத்தார். பாட்டில் குலுங்கியது. அவள் கை மூன்று பொருள்களுக்கும் மேலே அலைந்து, கடைசியில் டம்ளரை எடுத்தது.

"மூணு வாரமா பாத்துகினு இருக்கேன்," என்று என்னிடம் சொன்னார். "அவ அப்பாவ வரச் சொல்லியிருக்கேன். காது டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

அப்பா பாஸ்கர் 11.20க்கு வந்தார். தறிக்காரர். கையில் ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பம்.

"டீச்சர், இவள இட்டுகினு போயிடறேன். இன்னிக்கு நாலு மணிக்குள்ள அங்க சேத்துடணும். நேத்து டெஸ்ட் வெச்சாங்க. போர்டப் பாத்து ஏ டு இசட் எழுதிட்டா. இங்க ரெண்டு மாசமா ஒரு 'அ' கூட இல்ல."

"பாத்து எழுதிட்டா. கேட்டு எழுதுனாளா?" என்றார் டீச்சர். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அறையே அதிரும்படி கத்தினார் பாஸ்கர். "என் பொண்ண செவுடுன்றீங்களா? ஒரு புள்ள கொறைஞ்சுடும்னு கத கட்றீங்களா? எங்க வூட்ல யார் கூப்ட்டா யார் திரும்புறாங்க? தறி ஓடிகினே இருக்கும். தோளத் தட்டித்தான் கூப்புடுவோம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் யாரையும் குரலால் கூப்பிடாத வீட்டில், காது கேளாத குழந்தை வித்தியாசமாகவே தெரியாது. பலகையைப் பார்த்து எழுதும் வகுப்பிலும் தெரியாது. முதல் மதிப்பெண்கூட வாங்குவாள்.

"நீங்களே பின்னாடி நின்னு கூப்டுங்க," என்றார் டீச்சர்.

"ரித்தி!" அவள் திரும்பினாள். "பாத்தீங்களா?"

"மெதுவா கூப்டுங்க."

"இதான் எனக்கு மெதுவு."

"இன்னும் மெதுவா."

இரண்டாம் முறையும் குரல் அடங்கவில்லை. அவள் திரும்பினாள். மூன்றாம் முறை தொண்டையைச் செருமி, உதட்டை நனைத்துக்கொண்டு, "ரித்தி" என்றார்.

நான்கு குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். ரித்திகா பாபின் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தபடி, "நாலு மணிக்குள்ள போவலன்னா சீட்டு போயிடுங்களே டீச்சர்," என்றார்.

"போகட்டும். மொதல்ல காது."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் வேலூர்க்காரன் என்று தெரிந்ததும் அரசு மருத்துவமனைக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். எட்டு மணிக்குள் என்று சொல்லி, என் எண்ணைக் கொடுத்தேன். விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகளைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கே போனார் என்று தெரியாமலே 1.30 பேருந்தில் திரும்பினேன். வழியெல்லாம் எரிச்சல்தான். நான்கு வயதுக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்க வருகிறதா என்று சோதிக்க ஆளாளுக்கு வரிசையில் நிற்கிறார்கள். காது கேட்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு டீச்சர், ஒரு பருப்பு பாட்டில்.

பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு: அனுமதி வாங்காமல் போகாதீர்கள். 9.15க்குள் போய்விடுங்கள், மதியத்துக்குமேல் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். நோட்டைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, டீச்சர் எதைக் கவனிக்கிறார் என்று பாருங்கள்.

பத்து நாள் கழித்து பாஸ்கர் கூப்பிட்டார். மறுநாள் காலையே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, கருவி பொருத்தியாகிவிட்டது. தனியார் பள்ளியில் மறுபடி போய்க் கேட்டிருக்கிறார். மிஷின் போட்ட பிள்ளைக்கு அங்கே வசதி இல்லையாம். ரித்திகா செல்வி டீச்சரிடமே இருக்கிறாள்.

"இப்ப நான் மெதுவா பேசக் கத்துகினு இருக்கேங்க," என்றார். போனைக் காதிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன்.