இடப்பக்கம் சரிந்து படுத்த ஆறு கிழமை

நான் வேலை செய்த சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடை) சீனிச் சாக்கொன்றை இழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் முதல் குத்து வந்தது. இடது விலாவின் கீழே, தையல் ஊசியை ஆழமாக இறக்கியதுபோல. மூச்சை உள்ளே எடுத்தால் குத்தியது, விட்டால் நின்றது. சாக்குத் தூக்கினதில் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கடையில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் மெல்லிய காய்ச்சல். இடப்பக்கம் சரிந்து, அந்த விலாவைப் பாயோடு அழுத்திப் படுத்தால் மட்டும் வலி அடங்கியது. என் கணவர் தவராசா வயலால் வந்து என்னைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவம், வெளிக்கிடு" என்றார். "பிடிப்புத்தான், எண்ணெய் பூசினாச் சரி" என்றேன்.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. என் அண்ணா, சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கசத்தால் (காசநோய்) இறந்தவர். அவருக்கு ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு பாய். செத்த பிறகு மூன்றையும் எரித்தார்கள். அப்போது நான் கலியாணம் முடித்திருக்கவில்லை. தவராசாவின் வீட்டாருக்கு "காய்ச்சலில் போனவர்" என்றே சொல்லியிருந்தோம். என் மகள் தர்சினிக்குப் பதினாலு வயது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்து அந்தச் சொல்லை யாராவது என் முன்னால் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு வருத்தத்தைவிட (நோயைவிட) பெரிதாக இருந்தது.

அதனால் ஓமியோபதி டொக்டரிடம் போனேன். (ஓமியோபதி: நோயாளி சொல்லும் குறிகளோடு பொருந்தும் மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுக்கும் முறை.) மல்லாவிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அவருடைய வீட்டு முன்னறையில் இரண்டு கதிரையும் ஒரு மேசையும் சின்னச் சின்னப் போத்தல்கள் அடுக்கிய ஓர் அலுமாரியும் இருந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் அவரிடம் விரும்பிப் போனதற்குக் காரணம், அவர் தொட்டுப் பார்ப்பதில்லை. கேட்பார். நாங்கள் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதுவார்.

என்னிடம் ஒரு மணித்தியாலம் கேட்டார். அசைந்தால் கூடுதோ? தண்ணி விடாய் எப்பிடி? தனிய இருக்க விருப்பமோ, ஆக்களோட இருக்க விருப்பமோ? என்ன கனவு வாறது? எந்தப் பக்கம் படுத்தால் சுகம்?

"இடப்பக்கம். நோகிற பக்கம்தான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அந்தப் பதில் அவருக்கு ஏதோ ஒரு மருந்தைச் சுட்டிக்காட்டியது என்று எனக்கே தெரிந்தது.

"வீட்டில ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததோ, பிள்ளை?"

"இல்லை."

அந்த ஒரு சொல்லை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"ஒருக்கா நெஞ்சில குழாய் வைச்சுப் பாக்கட்டோ?" என்று குழாய் இருந்த அலுமாரிப் பக்கம் திரும்பினார். நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டேன். அவர் அதைக் கண்டார். "பரவாயில்லை, கதையிலயே எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிரயோனியா என்ற மருந்தைச் சீனி உருண்டைகளில் விட்டுத் தந்தார்.

பத்து நாளில் வலி போய்விட்டது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். குத்தவில்லை. கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தினேன். டொக்டரிடம் போய்ச் சொன்னபோது அவரும் சந்தோசப்பட்டார். "பாத்தீங்களோ, சரியாப் பொருந்தியிருக்கு" என்று கொப்பியில் எழுதினார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை. இருவரும் சேர்ந்து ஏமாந்துகொண்டிருந்தோம்.

வலி போன இடத்தில் பாரம் வந்தது. முதலில் கடைப்படி ஏறும்போது மட்டும் இளைத்தது. பிறகு கிணற்றடியில் வாளி தூக்கும்போது. பின்னேரக் காய்ச்சல் விடவில்லை. வரட்டு இருமல் தொடங்கியது. வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடத்திலிருந்து பெயர்ந்து என் மேல் சாய்வதுபோல இருந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்வேன். மறுபடி இடப்பக்கம். ஆறு கிழமை (வாரம்) அப்படியே படுத்தேன்.

மருந்து இருமுறை மாறியது. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார், நான் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் உண்மைதான், அந்த ஒரு சொல்லைத் தவிர.

ஆறாம் கிழமை, அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தபடி "நேற்று ராத்திரி" என்று தொடங்கினேன். வசனத்தை முடிக்க முடியவில்லை. நடுவில் மூச்சு எடுத்தேன். மறுபடி தொடங்கினேன். மறுபடி மூச்சு. அவர் எழுதுவதை நிறுத்திப் பேனையை வைத்தார்.

"கதைக்க வேண்டாம், பிள்ளை" என்றார். குசினிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அவாவின்ர பக்கத்தில நில்லும். முதுகை நான் பாக்கவேணும்."

இந்த முறை நான் தலைப்பை இழுக்கவில்லை. இழுக்கப் பலமிருக்கவில்லை.

இடது உள்ளங்கையை என் முதுகில் விரித்து வைத்து, வலது கையின் நடுவிரலால் அந்தக் கையின் விரல்மேல் தட்டினார். வலப்பக்கம் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தார். வெறுந்தகரப் பெட்டியைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. இடப்பக்கம் மேலேயும் அப்படித்தான். தோள்பட்டை எலும்புக்குக் கீழே வந்ததும் சத்தம் செத்துப்போனது. நிறைந்த மாச்சாக்கைத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கே கேட்டது. என் உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று நான் நினைத்ததில்லை.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். கையை விரித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். "இஞ்சால அதிருது. இஞ்சால ஒண்டுமில்லை" என்று தனக்குத்தானே சொன்னார். குழாயை வைத்துக் கேட்டார். குழாயைக் கழற்றினார், மறுபடி மாட்டி அதே இடத்தை இன்னொரு தரம் கேட்டார். டொக்டர் பயந்துவிட்டார் என்று தெரிந்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

"தண்ணி கட்டியிருக்கு. நெஞ்சறையில பாதிக்கு மேல. இது என்ர மருந்துக்கு நிக்காது. நாளைக்கே வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ." பிறகு கதிரையில் இருந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கட கதையைத்தான் கேட்டனான், பிள்ளை. நெஞ்சைக் கேக்கேல்லை."

நான் அப்போதுதான் சொன்னேன். "அண்ணாக்குக் கசம் இருந்தது."

அவர் மனைவி என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. அதற்காக நான் அந்த அம்மாவுக்கு என்றும் கடமைப்பட்டவள்.

அவர் ஒரு துண்டுக் கடிதம் எழுதித் தந்தார். மறுநாள் காலை ஒரு வான் வண்டியில் மாங்குளம் போய்க் கண்டி வீதியால் ஓமந்தைக்கு வந்தோம். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம் அது. இயக்கம், இராணுவம் என்று இரண்டு பக்கச் சோதனைச்சாவடியிலும் இறங்கி நடக்கவேண்டும். வரிசையில் நான் நாலு அடிக்கொரு தரம் குந்தினேன். தவராசா என் பையையும் தன் பையையும் ஒரே கையில் பிடித்து, மற்றக் கையால் என்னைப் பிடித்தார். பெண்களைச் சோதிக்கும் கூடாரத்தில் ஒரு சிப்பாய்ப் பெண் என் விலாவைத் தடவிக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் கை பட்டதும் நான் கத்திவிட்டேன். அவள் கையை எடுத்துவிட்டாள். "வருத்தமா?" என்று கேட்டாள், உடைந்த தமிழில். தலையாட்டினேன். வரிசையை விட்டு என்னை முன்னால் அனுப்பினாள்.

வவுனியாவில் எக்ஸ்றேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது வலப்பக்கம் கறுப்பாகவும் இடப்பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாகவும் இருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் இதை எழுதினது?"

"ஓமியோபதி டொக்டர்."

"சரியான இடத்தைப் பிடிச்சிருக்கிறார். ஆனா பிந்திப் பிடிச்சிருக்கிறார்."

வலி போனது சுகமாகி அல்ல என்று அவர்தான் விளக்கினார். நுரையீரலை மூடியிருக்கும் சவ்வின் (நுரையீரலுக்கும் விலாவுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய இரட்டைத் தோல்) இரண்டு தோலும் வீங்கி ஒன்றோடொன்று உரசும்போது குத்தும். நடுவில் நீர் சேர்ந்தால் உரசல் நின்றுவிடும். குத்தும் நின்றுவிடும். நான் சூடம் கொளுத்தியது அந்த நீருக்குத்தான்.

கட்டிலில் குந்தியிருந்து மேசையில் கவிழ்ந்துகொண்டேன். முதுகில் விறைப்பூசி போட்டுப் பிறகு பெரிய ஊசியால் நீர் எடுத்தார்கள். சாயம் குறைந்த தேத்தண்ணி நிறத்தில் போத்தல் நிறைந்துகொண்டே போனது. இடையில் அடக்க முடியாத இருமல் வந்தது. "நுரையீரல் விரியுது, அதுதான். பயப்பிடாதேங்கோ" என்றார் டொக்டர். பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. தவராசாவின் விரல்களை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அந்தச் சொல் வந்தது. காசநோய். சவ்வில் வந்தது, நுரையீரலுக்குள் இல்லை, ஆகவே பெரும்பாலும் தொற்றாது, ஆறு மாதம் மருந்து குடித்தால் மாறும் என்று டொக்டர் சொன்னார். நான் தவராசாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டொக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "இவ எப்ப சோறு சாப்பிடலாம்?"

விறாந்தைக்கு வந்ததும் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். "பதினாறு வருசமா இதையோ மறைச்சனீ?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். பிறகு போய் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கோப்பையிலேயே மிச்சத்தைத் தான் குடித்தார்.

மல்லாவிக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு நாளும் கிளினிக்கில் மிசியின் (தாதி) முன்னால் குளிசை விழுங்கவேண்டும். முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று நினைத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்தின் நிறம் அது. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. இப்போது இந்த மருந்தைத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். தர்சினியையும் தவராசாவையும் சோதித்தார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த முடிவுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி என்னால் இப்போதும் எழுத முடியவில்லை.

மூன்றாம் மாதம் ஓமியோபதி டொக்டரைப் பார்க்கப் போனேன். முன்னறையில் ஒரு வாங்கு (பெஞ்சு) போட்டு, சேலைத்துணியால் மறைப்புக் கட்டியிருந்தார். இப்போது யார் வந்தாலும் முதலில் நாடி, நாக்கு, வயிறு, முதுகு எல்லாம் பார்க்கிறாராம். பெண்கள் வந்தால் அவர் மனைவி கூட நிற்கிறார்.

"சிலபேர் இப்ப வாறதில்லை" என்றார். "படிக்கேக்க இதெல்லாம் படிச்சனான், பிள்ளை. ஆக்கள் கூச்சப்படுகினம் எண்டு விட்டிட்டன். வருத்தக்காரர் சொல்லுற குறி ஒண்டு, உடம்பு சொல்லுற குறி ஒண்டு. ரெண்டையும் எழுதினாத்தான் அது கொப்பி."

அவர்மேல் எனக்குக் கோபமில்லையா என்று கேட்பார்கள். இருந்தது. ஆனால் அன்று அவர் பயத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு போத்தலைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எந்த முறை வைத்தியரிடம் போனாலும், உங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற கேள்விக்கு உண்மை சொல்லுங்கள். எனக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

ஆறு மாதம் முடிந்தது. படத்தில் இடப்பக்கம் கறுத்துவிட்டது, அடியில் ஒரு மூலையைத் தவிர. சவ்வு அங்கே ஒட்டித் தடித்துவிட்டது, அது அப்படியே இருக்கும் என்றார்கள். ஆழமாக மூச்சு எடுத்தால் அந்த இடத்தில் ஒரு இழுவை. மற்றவர்களுக்கு மூச்சு தன்பாட்டில் போய் வருகிறது. எனக்கு அது எங்கே போய் முட்டித் திரும்புகிறது என்று தெரியும்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கி, வவுனியாவுக்குப் போகும் பாதை மூடப்பட்டது. அந்தக் குத்து இரண்டு வருடம் பிந்தி வந்திருந்தால் நான் எந்தப் பாதையால் போயிருப்பேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். காலத்தை நான் இப்போது ஆண்டாக எண்ணுவதில்லை. பாதை திறந்திருந்த காலம், மூடின காலம், அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் (பதுங்குகுழி) குதித்தோம். தவராசா, தர்சினி, நான், பக்கத்து வீட்டார் இருவர். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார்கள். என்னால் அடக்க முடியாது. இடப்பக்கம் இழுத்தது. விட்டேன், எடுத்தேன், விட்டேன். தர்சினி என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"அம்மா, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை" என்றேன். "மூச்சு எடுக்கிறன்."